முன்னே போன கால்

பனிமலையைத் தாண்டி வந்த திபெத்துக்காரர்கள் தெற்கே ஒரு ஊரில் குடியிருந்தார்கள். அவர்களில் யாங்சென் என்பவள் கூரைமேல் கட்டிய பிரார்த்தனைக் கொடியில் ஒரு குதிரை அச்சிடப்பட்டிருந்தது. காற்று வந்தால் போதும், குதிரை தலைகால் புரியாமல் குதிக்கும்.

ஒருநாள் தையல்சிட்டு ஒன்று வந்து பார்த்தது. "ஐயய்யோ, ஓரமெல்லாம் பிரிஞ்சு போச்சே! உன் முன்னங்காலைக் காணோமே!" என்று பதறி, அலகில் நார் எடுத்துத் தைக்கத் தொடங்கியது.

"ஏய், கூசுது! விடு, விடு!" குதிரை விழுந்து விழுந்து சிரித்தது.

"சும்மா இரு. இங்கே வெயில் இருக்கு, மரம் இருக்கு, உனக்கு என்ன குறை? இங்கேயே இருந்துடு. நான் முடிவு பண்ணிட்டேன்."

"என்னைக் கேட்டியா?"

சிட்டு யோசித்தது. கேட்கவில்லைதான். "சரி, இப்பக் கேக்கிறேன். உனக்கு என்ன வேணும்?"

"தைக்காம இருந்தா போதும். நான் நைஞ்சு நூல் நூலாப் பிரிஞ்சாத்தான் எங்க வேண்டுதல் காத்தோட போகும். யாங்சென் என்னிக்காவது ஊசியோட மேல வந்திருக்காளா?"

"அப்போ அந்தக் கால்?"

"அதுவா? மலைக்கு அந்தப் பக்கம் போயாச்சு. எங்க வீட்டுக் கதவை உதைச்சுக்கிட்டு இருக்கும்!"

சிட்டு தான் போட்ட தையலை ஒவ்வொன்றாகப் பிரித்தது. அதற்குள் தெற்கிலிருந்து காற்று கிளம்பிவிட்டது.

"ஒத்தக் காலை வச்சுக்கிட்டு அது எவ்வளவுதான் உதைக்கும்?" என்றது சிட்டு. "பின்னங்காலையும் அனுப்பட்டுமா?"