வெண்கழுகனின் கடைசி வசனம்

போன வாரம் படத்தை ஆங்கிலத்தில் பார்த்தபோது, நகரத்தைக் காப்பாற்றிய சூப்பர் ஹீரோ வெண்கழுகன் மகளின் பெயரை மட்டும் சொல்லிவிட்டுச் செத்தான். பன்னிரண்டு வருட ரசிகனான ஜெபசிங் வாய்விட்டு அழுதான். இன்று தமிழ் டப்பிங்கில் அதே வெண்கழுகன், ரத்தம் ஒழுக, "கெளம்புறேன் கண்ணு, சோறு துன்னுட்டுப் படு" என்றான். எந்தப் பாவி எழுதிய வசனமோ, தியேட்டரே குலுங்கிச் சிரித்தது. ஜெபசிங்குக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து கத்தினான்: "சாவுறான்யா! சாவுறவனப் பாத்தாடா சிரிப்பீங்க?" அதற்கு இன்னும் பலமாகச் சிரித்தார்கள். அவன் தலையின் நிழல் திரையில் வெண்கழுகனின் மார்பில் கிடந்தது. பின்னால் இருந்தவர் பொறுமையாகச் சொன்னார்: "உக்காருப்பா, மறைக்குது. அடுத்த பாகத்துல எந்திரிச்சு வந்துருவான்."

அது ஜெபசிங்குக்கும் தெரியும்; திரும்பி வருகிறவனின் சாவுக்கு யாரும் அழமாட்டார்கள் என்பதும் தெரியும். அதனால்தான் அவன் உட்காரவில்லை.