டி.வி. பந்தாட்டம்

"அவன் பெட்டியில ஏதோ சூட்சுமம் இருக்கு. இல்லாட்டி நான் தோப்பேனா?"

இஞ்ஞாசிமுத்து போட்ட சத்தம் கூடாரத்து வாசலில் நின்ற அத்தனை பேர் காதிலும் விழுந்தது.

"தோத்தா என்ன, விடுங்களேன். ஊரே பாக்குது" என்று அவர் கையைப் பிடித்து இழுத்தாள் மனைவி யூஜினியா.

அவள் சொன்னதும் அவருக்கு இன்னும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஏனென்றால் அவருக்கு முன்னால் ஆடி ஜெயித்தவளே அவள்தான்.

எழுபத்தெட்டாம் வருஷம். சிங்கம்புணரியில் விவசாயக் கண்காட்சி. சீமை மாடும் ஆளுயரப் புடலங்காயும் பார்க்கத்தான் இருவரும் அமராவதிபுதூரிலிருந்து பஸ் ஏறி வந்தார்கள். ஆனால் மாட்டுக் கொட்டகையைவிட செம்மலையின் கூடாரத்தில்தான் கூட்டம் நெரிந்தது.

செம்மலை சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டு ஒரு டி.வி.யோடு ஊர் திரும்பியவன். டி.வி.யில் படம் எதுவும் வராது. இந்தப் பக்கம் ஒரு வெள்ளைக் கோடு, அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக் கோடு, நடுவில் டொக் டொக்கென்று ஓடும் பந்து. ஆளுக்கொரு கைப்பெட்டி. அதிலுள்ள திருகைத் திருகினால் கோடு மேலும் கீழும் போகும், பந்தைத் தட்டலாம். செம்மலையோடு ஆடி ஜெயித்தால் ஒரு பொட்டலம் கத்திரி விதை.

அந்தப் பொட்டலம் இப்போது யூஜினியாவின் இடுப்பில் இருந்தது.

காரைக்குடியில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருக்கும் இஞ்ஞாசிமுத்து வெறுங்கையோடு நின்றார்.

"அண்ணன் சொல்றது சரிதான்" என்றான் பக்கத்தில் நின்ற ஆசைத்தம்பி, உள்ளூர்க்காரன். "நேத்து ஆடுனவுக பாதிப்பேரு பொட்டலம் வாங்கிட்டுப் போனாக. இன்னைக்கு எல்லாரும் தோக்குறாக. அவன் பெட்டியை யாரையும் தொடவும் விட மாட்டேங்கிறான்."

"பாத்தியா? பொம்பளைன்னு உனக்கு மட்டும் விட்டுக் குடுத்திருக்கான், கூட்டம் சேர்க்க" என்றார் இஞ்ஞாசிமுத்து.

யூஜினியாவின் முகம் சட்டென்று வாடிப்போனது.

அந்த நேரம் பார்த்து, ஆட வருகிறவர்களுக்குக் கொடுக்கும் பெட்டி கோளாறு பண்ணியது. திருகைத் தொட்டாலே கோடு குளிர்க்காய்ச்சல் வந்தது போல் நடுங்கியது.

"ரேடியோ மெக்கானிக் யாராச்சும் இருக்கீகளா?" என்று செம்மலை கூப்பிட்டான்.

இஞ்ஞாசிமுத்து சட்டைப் பையிலிருந்து டெஸ்டரை உருவினார். "நான் பாக்குறேன். ஆனா ரெண்டு பெட்டியையும் கழட்டுவேன். சம்மதமா?"

செம்மலை தயங்கினான். கூட்டம் அவனையே பார்த்தது. "உள்ளுக்க வாங்கண்ணே" என்று படுதாவை விலக்கினான்.

முதல் பெட்டியில் பெரிய நோய் ஒன்றுமில்லை. ரேடியோவில் சத்தம் கூட்டுகிற திருகு மாதிரிதான்; கண்காட்சித் தூசி உள்ளே போய் அப்பியிருந்தது. ஜெனரேட்டருக்கு வைத்திருந்த பெட்ரோலில் துணியை நனைத்துத் துடைத்தார். சரியாகிவிட்டது.

அடுத்து செம்மலையின் பெட்டி. மூடியைத் திறந்ததும் இரண்டு துண்டாகத் தீக்குச்சி ஒன்று கீழே விழுந்தது.

"மாட்டிக்கிட்டியா?"

"நான் வச்சதுதாண்ணே. ஆனா எனக்குப் பாதகமா வச்சது. அது முட்டுக் குடுத்தா என் கோடு கடைசி வரைக்கும் கீழ இறங்காது. பந்து அடியோட வந்தா விட்டுருவேன்."

இஞ்ஞாசிமுத்துவுக்கு ஒன்றும் புரியவில்லை. "உன் கையை நீயே கட்டிக்கிட்டு ஆடுறியா? எதுக்கு?"

"மொத நா குச்சி இல்லாமத்தான் ஆடுனேன். ஒருத்தரும் ஜெயிக்கல. நான் வருசக்கணக்கா இதைத் திருகுறவன். அவுக இன்னைக்குத்தான் கண்ணால பாக்குறாக. மானத்தைப் பாத்து வெதைக்கிற சனம். மழைகிட்டத் தோத்துட்டு ஒரு நா சந்தோசத்துக்கு வருது. எங்கிட்டயும் தோத்துட்டா போகணும்?"

இஞ்ஞாசிமுத்து குனிந்து அந்த ஒடிந்த குச்சித் துண்டுகளைப் பொறுக்கினார்.

"சூட்சுமம்னு வெளிய சொல்லிக்கங்கண்ணே, பரவாயில்ல. நான் விட்டுக் குடுத்தது மட்டும் பொட்டலம் வாங்கிட்டுப் போனவுக காதுல விழ வேணாம்."

படுதாவுக்கு அந்தப் பக்கம் யூஜினியாவின் குரல் கேட்டது. யாரோ ஒருத்தியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "பந்து பின்னாடியே ஓடக்கூடாது தாயி. அது எங்குட்டு வரப்போகுதுன்னு பாத்து முன்னாடியே போய் நின்னுக்கிறணும்."

பாவம், குச்சி ஜெயித்ததைத் தன் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்று அவருக்கு மனசு இளகியது. நினைத்துவிட்டுப் போகட்டும்.

பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்தார். புதுக் குச்சி ஒன்றை ஒடித்து, திருகின் அடியில் முன்னைவிட இறுக்கமாகச் செருகி, மூடியை முடுக்கினார்.

வெளியே வந்ததும் ஆசைத்தம்பி கேட்டான். "என்னண்ணே, சூட்சுமம் இருந்துச்சா?"

"ஒண்ணும் இல்ல. சுத்தமான பெட்டி. ஆடத் தெரிஞ்சவுக ஜெயிப்பாக."

யூஜினியா மெல்லக் கேட்டாள். "அப்ப நான் நெசமாத்தான் ஜெயிச்சேனா?"

"நெசமாத்தான்" என்றார், பொய் சொல்லும்போது வருகிற அழுத்தத்தோடு. அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்க அவருக்கே தன்மேல் ஒரு மதிப்பு வந்தது.

பஸ்ஸுக்குக் கிளம்பியபோது செம்மலை பின்னாலேயே ஓடி வந்து அவரைத் தனியே இழுத்தான்.

"ரெம்ப உபகாரம்ணே. அந்தப் பழைய குச்சி காலையிலயே ஒடிஞ்சு போச்சு, என் கோடு அடி வரைக்கும் இறங்குனுச்சு. சனத்துக்கு முன்னாடி கழட்டவும் முடியல, வேணும்னு விட்டாத் தெரிஞ்சிரும். அதான் எல்லாரும் தோத்தாக. குச்சி இல்லாம என்னை ஜெயிச்சது, இன்னைவரைக்கும் அக்கா ஒருத்தவுகதான்."