ஓணான் தந்த சம்மதம்

பெருங்காட்டின் சட்டத்தை ஏற்பதா வேண்டாமா என்று குன்றில் ஒரே வாக்குவாதம்.

"நம்ம சுனை நமக்குத்தான்னு அதுல ஒரு வரிகூட இல்லை. முதல்ல அதை எழுதட்டும், அப்புறம் சேருவோம்" என்றது அணில்.

"முதல்ல சேருங்க, அப்புறம் எழுதிக்கலாம்" என்றது காட்டிலிருந்து வந்த நரி.

குன்று சரிபாதியாகப் பிரிந்து நின்றது. மிச்சம் ஓணான் மட்டுந்தான். வேண்டாமென்று சொல்வதாக அது அணிலிடம் வாக்குக் கொடுத்திருந்தது.

நரி அதனருகே வந்து பல் தெரியச் சிரித்தது. "சம்மதந்தானே?"

ஓணானின் தலை மேலும் கீழும் ஆடியது.

"சட்டம் ஏற்கப்பட்டது!" என்று கத்தியது நரி.

கூட்டம் கலைந்ததும் அணில் வந்தது. "உங்க தலை எப்பவும் ஆடுறதுதானே அண்ணே? வேணும்னு ஆட்டலைன்னு எல்லார்கிட்டயும் நான் சொல்லிடறேன். அப்படித்தானே?"

ஓணானின் தலை அப்போது மட்டும் ஆடவில்லை.