அடிக்கடி அணையும் கம்ப்யூட்டர்

"கொஞ்ச நேரம் ஓடுது, தானா அணைஞ்சுடுது. இப்படியே போனா என் வேலையே போயிடும் முதசிர்" என்றான் வீரமணி. வீட்டிலிருந்தே கம்பெனி வேலை பார்ப்பவன் அவன்.

மூன்று மாதம் வெளியூரில் இருந்துவிட்டு நேற்றுதான் திரும்பியிருந்த கம்ப்யூட்டர் மெக்கானிக் முதசிர், சிபியூவைக் கழற்றிப் பார்த்தான். உள்ளே ஃபேன் சுற்றவில்லை. நீளமான தலைமுடி அதில் இறுகச் சிக்கியிருந்தது.

"சூடேறித்தான் அணையுதுண்ணா. அண்ணி இங்க உக்காந்துதான் தல சீவுவாங்களா?"

"ஆமா. இந்த ஜன்னல்கிட்டதான்."

"நம்மூரு போர் தண்ணிக்கு முடி கொத்துக் கொத்தா கொட்டும். கூப்புடுங்க அவங்கள, கொஞ்சம் சண்டை போட்டுட்டுப் போறேன்."

"ஆடியில போனவடா."

முதசிர் சிரித்தான். "புரட்டாசியே பொறந்துருச்சு. மாமியார் வூட்ல இன்னுமா அனுப்பல? நீங்களே போய்க் கூட்டியாங்கண்ணா."

வீரமணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். ஏதாவது தப்பாகச் சொல்லிவிட்டோமா என்று முதசிருக்குப் புரியவில்லை. முடியை இடுக்கியால் பிடுங்கிச் சுருட்டினான். ஃபேன் சுற்றியது.

"இனிமே அணையாதுண்ணா. குப்பைக்கூடை எங்க?"

வீரமணி அவசரமாகக் கையை நீட்டினான்.

"இங்க குடு. அவ சாமானெல்லாம் கருமாதி அன்னிக்கே ஒகேனக்கல் ஆத்துல வுட்டாச்சு. வூட்ல இது ஒண்ணுதான் மிச்சம்."