ஸ்பிரிங்கே போதும்

“காரைத் தாழ்த்தறதுக்கு வெறும் ஸ்பிரிங் வேண்டாம் ஹிரோமு. காயிலோவரா போட்டுக்கோ” என்றார் மெக்கானிக் இகராஷி. “ஸ்பிரிங் போட்டா கார் இறங்கினது இறங்கினதுதான். காயிலோவர்ல மரை இருக்கு. திருகினா வேணுங்கற உயரத்துக்கு ஏத்திக்கலாம், இறக்கிக்கலாம்.”

“விலை மூணு மடங்காச்சே அண்ணே?”

“உனக்கு ஸ்பிரிங் விலைதான்.”

ஹிரோமுவுக்குச் சுருக்கென்றது. எந்தக் கடைக்காரன் சும்மா இப்படித் தூக்கிக் கொடுப்பான்?

“எந்த நொறுங்கின கார்லேர்ந்து கழட்டினது? ஸ்பிரிங்கே போதும் எனக்கு.”

இகராஷியின் முகம் சுண்டிப்போனது. ஸ்பிரிங்கையே மாட்டிக் கொடுத்தார்.

தரையோடு தரையாகப் படிந்த காரைத் தெருவே நின்று பார்த்தது. அப்பாவைத் தவிர.

கார் வாங்கிய அன்றே, “ரெண்டு பேர் உக்கார இத்தனை பணமா?” என்று கத்தியவர் அவர். முழங்கால் வலிக்கு ஆஸ்பத்திரி போகும்போது, “கொண்டு விடறேம்பா” என்றால், “எனக்கு பஸ்ஸே சௌகரியம்” என்பார். ஒரே ஒரு தடவை கார்க் கதவைத் திறந்து, பாதி குனிந்து பார்த்துவிட்டு மூடிவிட்டார்.

வீம்பு பிடித்த மனுஷன் என்று ஹிரோமுவும் கூப்பிடுவதை விட்டுவிட்டான்.

அந்தக் குளிர்காலத்தில் மாரடைப்பில் அப்பா போய்விட்டார்.

நாற்பத்தொன்பதாம் நாள் காரியம் முடிந்தது. துக்கத்துக்குப் பணம் வைத்தவர்களுக்கெல்லாம் பதில் மரியாதையாகத் தேயிலை கொடுத்து வந்த ஹிரோமு, இகராஷியின் கடைக்கும் போனான்.

தேயிலையை வாங்கி வைத்தவர், அலமாரியிலிருந்து ஒரு பெட்டியை இறக்கினார். ஒட்டுகூடப் பிரிக்காத புதுப் பெட்டி.

“உன் காயிலோவர். மீதிப் பணத்தை உங்கப்பா அப்பவே கட்டிட்டார். உன்கிட்ட மூச்சு விடக் கூடாதுன்னார்.”

“அப்பாவா? அவருக்குத்தான் இந்தக் காரே பிடிக்காதே அண்ணே.”

“திட்டின வாயால எப்படிக் கேக்கறதுன்னு கூச்சம் அவருக்கு. நீ வேண்டாம்னதும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்கலை. ‘இருக்கட்டும், அவனுக்கா ஒருநாள் தோணும்’னுட்டார்.”

ஹிரோமு பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். “எதுக்கு அண்ணே அவருக்கு இது?”

இகராஷி எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார்.

“‘காரைக் கொஞ்சம் ஏத்தி வெச்சா, இந்தக் காலோட நானும் ஏறிடுவேன். அவன் பக்கத்துல உக்காந்து அகாகி மலைக்கு ஒரு தடவை போயிட்டு வரணும்’னார்.”