வௌவாலின் முறை

தோப்பு மன்றத்தில் உறுப்பினர்கள் முறைவைத்துப் பிரார்த்தனை சொன்ன பிறகுதான் கூட்டம் தொடங்கும். அன்று வௌவாலின் முறை. தலைவர் சேவலுக்குக் கொண்டை சிலிர்த்தது.

"இருட்டைக் கும்பிடுறவளுக்கு மேடையா? இறங்குடி!"

"மாட்டேன். உங்க சூரியனைப் பார்த்தா எனக்குக் கண் கூசும். நீங்க கும்பிட்டப்போ நான் வாயைத் திறந்தேனா?"

"அது நல்ல சாமி!"

"யார் சொன்னா? நீங்களேதானே!"

மயில் சிரித்துவிட்டது. "சொல்லட்டுமே அண்ணே. நான் மழையைக் கும்பிட்டப்போ நனைஞ்சுக்கிட்டே நின்னீங்களே!"

சேவல் முணுமுணுத்தபடி ஒதுங்கி நின்றது. வௌவால் மேடைக் கிளையில் தலைகீழாகத் தொங்கி, கண்ணை மூடிக்கொண்டது.

"இருட்டே, இங்கே இருக்கிற எல்லாருக்கும் நல்ல தூக்கம் கொடு."

"அப்படியே ஆகட்டும்!" என்றது தோப்பு. அதில் உரக்க ஒலித்த குரல், தினமும் விடியும் முன்பே எழுந்து கூவ வேண்டிய சேவலுடையது.