இன்னும் பின்னால்

பஞ்சநதம் வீட்டுக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தபடி, பட்டுக்கோட்டையிலிருக்கும் இனியவனுக்குப் போன் செய்தார். மகளின் கல்யாணப் பத்திரிகையை அதில் அடித்துக் கொடுத்தவன் அவன்தான்.

"நீ அடிச்ச பத்திரிகை போயிடுச்சு தம்பி. சொந்தக்காரங்க பேரெல்லாம் அதுல வரிசையா இருக்கேன்னு, மத்ததை மட்டும் மாத்தி அடிச்சு சேவ் பண்ணிட்டேன்."

"என்ன விசேஷம் ஐயா, பாப்பாவுக்கு வளைகாப்பா?"

"பழசு வேணும்ப்பா. ஆபீஸ்ல கேக்குறாங்க. வீட்டுல ஒரு பத்திரிகைகூட மிச்சமில்ல."

"ஆமா, கல்யாணத்தைப் பதிவு பண்ணக் கேப்பாங்க. ஃபைலை மூடிட்டீங்களா?"

"இல்ல, திறந்தேதான் இருக்கு."

"நல்லவேளை. கன்ட்ரோலை அமுக்கிக்கிட்டே இசட்டைத் தட்டுங்க. நீங்க மாத்தினது ஒவ்வொண்ணா பின்னால போகும்."

தட்டினார். வீட்டு விலாசம் போய் வலங்கைமான் கல்யாண மண்டபம் வந்தது. அவர் நீக்கியிருந்த மாப்பிள்ளையின் பெயரும் வந்தது. விரலை எடுத்துவிட்டார். பிறகு மறுபடியும் தட்டினார்.

மகளின் பெயருக்கு முன்னால் இருந்த 'சிவலோகப் பதவியடைந்த' மறைந்து, 'திருவளர்செல்வி' வந்தது.

"வந்துடுச்சா ஐயா? எந்த ஆபீஸ்ல கேட்டாங்க?"

"ஆர்.டி.ஓ. விசாரணைக்குப்பா. பொண்ணு செத்தது மாமியார் வீட்டுல இல்லையா."

பஞ்சநதம் இசட்டைத் தட்டுவதை நிறுத்தவில்லை.

"இதுக்கும் பின்னால போக மாட்டேங்குதே தம்பி."